கோடிட்ட இடத்தில் எழுதிய தேதி

“பிப்ரவரி 18, செவ்வாய். பூந்தமல்லி. காலை 10.40. கவுன்டரில் ‘எக்ஸ்கியூஸ் மீ, சாரி டு பாதர் யூ’ என்றேன். எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார்.”

என் குறிப்பேட்டில் அன்றைய முதல் பதிவு இது. பணிவாகப் பேசியதாகத்தான் நினைத்தேன். அவரோ மேசை மேல் இருந்த டிபன் பாக்ஸை மூடி இழுப்பறைக்குள் தள்ளினார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். திறந்து கிடந்த பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “சார் எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க? ஒரு போன் அடிச்சுட்டு வந்திருக்கலாமே” என்றார். அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. நான் மூன்று ஆண்டுகளாக மகள் வீட்டில் இருக்கும் இங்கிலாந்தின் சிறு நகரத்தில் ஒரு தபால் தலை வாங்கவே இந்த இரண்டு வாக்கியங்களும் வேண்டும். இங்கே, காரியம் ஆகவேண்டியவன் கவுன்டரில் ஆங்கிலம் பேசமாட்டான். சோதனை போட வந்தவன்தான் பேசுவான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் பதிவேடு எழுதியவன் நான். தணிக்கைக்காரர்களைக் கண்டு இதே மாதிரி எத்தனை முறை எழுந்து நின்றிருக்கிறேன்! மூன்றே ஆண்டில் மறந்துபோயிருக்கிறது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணிதான் அவரைக் காப்பாற்றினார். “அய்ய, ஆபீசரும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்பலேர்ந்து என் பின்னாடிதான் நின்னுகினு கீறாரு.” பிறகு என்னிடம், “அண்ணாத்தே, இங்கிலீசெல்லாம் வாணாம். ஃபாரத்த நீட்டு, போதும்” என்றார்.

எழுத்தர் உட்கார்ந்தார். பயம் போய், முகத்தில் சந்தேகம் வந்தது. “இன்னா பாய் வேணும்?”

“எங்க வீட்ல, அவங்களோட பொறப்புப் பதிவு இங்க இருக்குதான்னு பாக்கணும்.”

வருடத்தைச் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பேரன் பேத்தி எடுக்குற வயசுல இன்னாத்துக்கு பாய் பொறந்த தேதி? சொத்துத் தகராறா?”

“இல்ல.”

“பென்ஷனா?”

“இல்ல.”

“அப்போ கேக்கு வெட்டப் போறீங்களா?” வரிசை மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் என்னை உள்ளேயே விட்டிருக்கமாட்டார். வேறொரு நாட்டு மருத்துவமனையின் கணினியில் என் மனைவி ஷம்ஷாத் இரண்டு பேராக இருக்கிறாள். அவள் கழுத்துக் கட்டியில் ஊசி வைத்து எடுத்த திசுவின் முடிவு அந்த இரண்டு பேருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. பிப்ரவரி 20, வியாழக்கிழமை, அதைச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். என் கையில் இருந்தது இரண்டே நாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களில் யாராவது இதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் சரி.

எங்கள் நகர நூலகத்தில் புதன்கிழமைதோறும் ஒரு இலவச வகுப்பு நடக்கிறது. பஸ், தபால் நிலையம், நூலகம், மருத்துவமனை என்று அன்றாடம் போய்வருகிற இடங்களில் பேச வேண்டிய எளிய ஆங்கிலம். மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற அம்மாள் சொல்லித் தருகிறார். எல்லோருக்கும் ஒரு மஞ்சள் தாள் கொடுப்பார். நான்கு தலைப்பு, தலைப்புக்குப் பத்து வாக்கியம். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், கடிதம் எழுதத் தெரியும். ஷம்ஷாத்துக்குத் துணையாகத்தான் போனேன். அந்தத் தாளைப் பார்த்த முதல் நாளே எனக்கு நம்பிக்கை வரவில்லை. தவறே செய்யாதவன் எதற்காக முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும்? எங்கள் ஆவடி ஸ்டேஷனில் “ரெண்டு சென்ட்ரல் ரிட்டன்” என்றால் டிக்கெட் வரும். இல்லாவிட்டால் “சில்லறை கொடு” என்று அதட்டல் வரும். எது வந்தாலும் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். அங்கே புன்னகையோடு “இஸ் தேர் எனிதிங் எல்ஸ்?” என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று நாமும் புன்னகைத்துவிட்டு வெளியே வருவோம். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான், கேட்டது கிடைக்கவில்லை என்பதே புரியும். நம் ஊரில் தலை நிமிராமல் இல்லை என்கிறார்கள். அங்கே கண்ணைப் பார்த்து இல்லை என்கிறார்கள்.

ஷம்ஷாத்துக்கு இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. பூந்தமல்லியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மஞ்சள் தாளின் வாக்கியங்களைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, சப்பாத்தி இடும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு “தேங்க் யூ” சொல்வாள். அவர் பதில் சொல்லும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் நடப்பாள்.

மருத்துவமனைத் தலைப்பில் மூன்றாவது வாக்கியம்: “மை டேட் ஆஃப் பர்த் இஸ்”, அதற்கப்புறம் ஒரு கோடு. அந்த நாட்டில் நம் பெயரைவிட அதிகமாகக் கேட்கப்படுவது பிறந்த தேதிதான் என்று மார்கரெட் சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஷம்ஷாத் தாளை என்னிடம் நீட்டினாள். “இந்தக் கோட்டுல இன்னா எழுதணும்?”

பாஸ்போர்ட்டில் இருப்பது ஜூன் 1. அது பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் எழுதிய தேதி. அவளைப் பெற்ற என் மாமியார் சொன்னது வேறு: பராத் இரவுக்கு மறுநாள் விடியற்காலை. பராத் எங்கள் விசேஷ இரவுகளில் ஒன்று; அது வருவது பிறை மாதக் கணக்கில். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், பிறைக் கணக்கை ஆங்கிலத் தேதியாக மாற்றும் அட்டவணை ஒன்றைத் தேடிப் பிடித்து, நவம்பர் 19 என்று கண்டுபிடித்தது நான்தான். தேதிகள் விஷயத்தில் எனக்கு உள்ள கர்வம் வீட்டில் எல்லோரும் அறிந்தது. பள்ளிக்கூடம் ஒரு வருடத்துக்கும் மேலாகக் கூட்டி எழுதிய வயதை நான் சரிசெய்துவிட்டேன் என்று அவளுக்கும் பெருமை. யோசிக்காமல் கோட்டின் மேல் “நவம்பர் 19” என்று எழுதினேன். பிறை பார்த்த ஊரைப் பொறுத்து அந்தக் கணக்கு ஒரு நாள் முன்னே பின்னே போகும் என்பதை அவளிடம் கல்யாணமான புதிதிலும் சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை.

“டிசம்பர் 9, திங்கள். ஷம்ஷாத் தனியாகக் கவுன்டரில் பேசினாள்.” இதற்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். கழுத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. ஊசி வைத்துத் திசு எடுக்கப் போயிருந்தோம். நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வருவதற்குள் அவள் கவுன்டருக்குப் போய் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். திரும்பி வந்தபோது பரீட்சையில் தேறிய முகம். “ஒரு தபா கூட தடுக்கல. தேதி கேட்டாங்க, சொன்னேன். அந்தப் பொண்ணு ‘லவ்லி’ன்னு சொல்லுச்சு.”

மூன்று வாரத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. ஐந்தாம் வாரம் எனக்குத் தூக்கம் கெட்டது. பெயரைப் பார்த்து ஓரம் கட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். தேதிவாரியாக இரண்டு பக்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். நல்ல ஆங்கிலம். அனுப்புவதற்கு முன் ஒரு போன் செய்து பார்க்கலாம் என்று ஷம்ஷாத்தான் சொன்னாள். ஜனவரி 16, வியாழன். ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் பிறந்த தேதியைக் கேட்டது. ஷம்ஷாத் கம்பீரமாக “மை டேட் ஆஃப் பர்த் இஸ்” என்று தொடங்கி நவம்பர் தேதியைச் சொன்னாள். தட்டச்சுச் சத்தம். பொருந்தவில்லை என்றது குரல். எங்கள் மகள் முதன்முதலில் அவளை மருத்துவரிடம் பதிவு செய்தபோது பாஸ்போர்ட் தேதியைக் கொடுத்தது எனக்கு அந்தக் கணம்தான் ஞாபகம் வந்தது. ஒரு விரலைக் காட்டி, “ஜூன், ஜூன் ஒண்ணு” என்று கிசுகிசுத்தேன். அவள் அதையும் சொன்னாள்.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பிறகு குரல் மெதுவாக, சிறு குழந்தையிடம் பேசுவது போல, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டது.

“எஸ். ஹஸ்பண்ட்.”

என்ன சொல்ல வேண்டும் என்று அவர்தான் சொல்லித் தருகிறாரா என்று கேட்டது குரல்.

ஷம்ஷாத் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். கற்ற மரியாதையையும் விடாதவள். “எஸ், தேங்க் யூ” என்றாள்.

ஆவடியில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பெண்டாட்டிக்காகப் புருஷன் பேசுவான். பேசாமல் நின்றால்தான் “வாயில இன்னா கொழுக்கட்டையா?” என்று அவனைக் கேட்பார்கள். ரேஷன் கார்டிலிருந்து பிரசவ வார்டுவரை ஷம்ஷாத்தின் பெயர், வயது, ரத்த வகை எல்லாவற்றையும் நான்தான் சொல்லியிருக்கிறேன். அதைக் கடமை என்று நினைத்திருந்தேன். ஒரு வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. திருமதி ஷம்ஷாத் மட்டும் வரவும். மொழிபெயர்ப்பாளர் இருப்பார். “மட்டும்” என்ற சொல் தடித்த எழுத்தில் இருந்தது.

ஜனவரி 27, திங்கள். அவள் உள்ளே இருந்தது நாற்பத்திரண்டு நிமிடம். நான் வெளியே நீல நாற்காலியில். எதிர்ச் சுவரில், வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று பத்து மொழிகளில் கேட்கும் ஒரு சுவரொட்டி. தமிழிலும் இருந்தது. அதை நான் வாசிப்பதை வரவேற்பறைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களைச் சந்தேகித்துக் கடிதம் எழுதியவன் நான். அந்தக் கடிதம் அப்போதும் கோட்டுப் பைக்குள் இருந்தது.

“என்ன கேட்டாங்க?” என்றேன் பஸ்ஸில்.

“உங்களப் பத்திதான். அடிப்பாரா, காசு புடுங்கிக்குவாரா, வெளிய வுடுவாரா. இல்லவே இல்லன்னேன். அப்புறம் என் பொறந்த தேதிய யாரு முடிவு பண்றதுன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அவருதான்னேன். நெசந்தானே?”

ஒரு படிவத்தைக் கொடுத்திருந்தார்கள். ‘டிசம்பர் 9 அன்று நான் சொன்ன பிறந்த தேதி தவறானது’ என்று அவள் கையெழுத்திட்டால், ஜூன் தேதியில் இருந்த பழைய பதிவையும் அன்று நவம்பர் தேதியில் புதிதாக உண்டான பதிவையும் ஒன்றாக்கிவிடலாம். அரை நிமிட வேலை. ஷம்ஷாத் மறுத்துவிட்டாள். “எங்கம்மா சொன்ன தேதி அது. பொய் சொன்னேன்னு நான் கையெழுத்து போடமாட்டேன். ஜூன் ஒண்ணுதான் பொய்.” மகள் கெஞ்சினாள். நான் கத்தினேன், கத்திவிட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியில் மார்கரெட் ஒரு வழி சொன்னார்: அந்தத் தேதிக்கு ஏதாவது ஒரு பழைய அரசுத் தாள் கிடைத்தால் தவறு என்று எழுத வேண்டியதில்லையே. மருத்துவமனையும் ஒரு நாள் குறித்தது. பிப்ரவரி 20. பாஸ்போர்ட்டோடு வரவும். முடிவை நேரில் சொல்வோம். வேறு ஆவணம் இருந்தால் அதுவும் கொண்டுவரலாம். மறுபடியும் அதே தடித்த “மட்டும்”. நான் ஊருக்குப் போய்த் தேடுவதாகவும், மகளை வாசல்வரை அனுப்புவதாகவும் சொன்னேன். அந்த நாளில் நான் உடன் இல்லாமல் போவேனே என்று தயங்கியபோது ஷம்ஷாத் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “நீங்க பக்கத்துல இல்லாம இருக்குறதுதாங்க அங்க எனக்கு நல்லது.” அதை அவள் கோபத்தில் சொன்னாளா, நடப்பைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

ஆக, பூந்தமல்லி. அந்த எழுத்தர் கிண்டல் செய்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. மூன்று பதிவேடுகளைத் தூசி தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. “ஊட்டுப் பிரசவம் பாய். யாரு வந்து எழுதினு போனாங்க அப்போ?” மறுநாள், புதன், அவள் படித்த பள்ளிக்குப் போனேன். அலுவலக அம்மாள் சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். ஷம்ஷாத்தின் பெயருக்கு நேரே ஜூன் 1. மேலே ஜூன் 1. கீழே ஜூன் 1. விரலை வைத்து இறக்கிக்கொண்டே போனார்.

“பாருங்க சார், அந்த வருஷம் பூந்தமல்லில ஜூன் ஒண்ணாந்தேதி மட்டும்தான் கொழந்தைங்க பொறந்துகினு இருந்திருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த பெண்களில் எத்தனை பேர் எந்தெந்த நாட்டுக் கவுன்டரில் இந்தப் பொய்யைத் தடங்கலில்லாமல் சொல்லிக் காரியத்தை முடித்துக்கொண்டிருப்பார்களோ! உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவள் என் மனைவி ஒருத்திதான் போலிருக்கிறது. சொல்ல வைத்தவன் நான்.

வியாழன் மதியம் குமணன்சாவடிக்குப் போனேன். ஷம்ஷாத்தின் அண்ணன் காதர் அங்கே மெத்தைக் கடை வைத்திருக்கிறார். பெங்களூர் சாலையின் புழுதியெல்லாம் வந்து உட்காரும் இடத்தில் இலவம் பஞ்சு மூட்டைகள். ஒரு மூட்டையைத் தட்டி என்னை உட்காரவைத்தார்.

“இன்னா மச்சான், லண்டன்ல கெடைக்காத தேதி குமணன்சாவடில கெடைக்குமா?” எங்கே இருந்தாலும் அவருக்கு அது லண்டன்தான்.

“எதுவும் கெடைக்கல மச்சான். உங்களுக்கு எதாவது ஞாபகம் இருக்குதா? பராத்துக்கு மறுநாள்னு அம்மா சொன்னது.”

“மறுநாளா? யாரு சொன்னது?” டீ கிளாஸைக் கீழே வைத்தார். “பராத்துக்கு மொத நாளு. எனக்கு நல்லா நெனப்பு கீது. அஞ்சு வயசு எனக்கு. ஊட்ல ரவா அல்வா கிண்டினு இருந்தாங்க. அம்மாவுக்கு வலி வந்து, கிண்டுற கரண்டிய வுட்டுட்டாங்க. அடி புடிச்ச அல்வாவ நானே தின்னேன். பராத் முடிஞ்சப்புறம் எவன் அல்வா கிண்டுவான்?”

பெற்றவள் மறுநாள் என்கிறாள். கரிந்த அல்வா தின்றவர் முதல்நாள் என்கிறார். அட்டவணையே ஒரு நாள் முன்னே பின்னே போகும். நவம்பர் 19 என்பது என் கையெழுத்தில் இருந்ததால் மட்டுமே தேதியாக இருந்தது. குறிப்பேட்டை எடுத்தேன். எதை எழுதுவது என்று தெரியாமல் மூடினேன். மணி நாலு முப்பது. அங்கே காலை பதினொன்று. அவள் உள்ளே போயிருப்பாள்.

ஐந்து பத்துக்குப் போன் வந்தது. சாலை இரைச்சலில் கேட்காது என்று பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன்.

“முடிஞ்சுதுங்க” என்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லியாம். நல்ல கட்டிதானாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு தபா வந்து காட்டணுமாம்.”

“ஒண்ணும் இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு எதுக்கு?”

“அதச் சந்தேகப்பட நீங்க இருக்கீங்களேன்னுதான் நான் கேக்காம வந்துட்டேன்.”

“படிவம்?”

“கையெழுத்து போடல. கத சொன்னேன் அந்த ஆஸ்பத்திரி அம்மாகிட்ட. அம்மா, பராத்து, பள்ளிக்கூடம், எல்லாம். மொழிபெயர்க்குற பொண்ணுக்கே சிரிப்பு. அவங்க அம்மாவுக்கும் ஜூன் ஒண்ணாம். பாஸ்போர்ட்ட பாத்துட்டு, ரெண்டு தேதியும் ஒரே ஆளுதான்னு அவங்களே ஒரு வரி எழுதிக்கினாங்க.”

ஆவணமே தேவைப்படவில்லை. “லெட்டர் எதாவது குடுத்தாங்களா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு” என்றேன்.

  

“முடிவ உங்க வூட்டுக்காரர்கிட்ட நாங்க சொல்லலாமான்னு கேட்டாங்க” என்றாள். “ஒரு கட்டத்துல டிக் போடணும். வேணாம்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“ஐ வில் டெல் ஹிம் மைசெல்ஃப்னு சொன்னேன். சொல்லிட்டேன் இல்ல? எங்கம்மா சொன்னத எந்த லெட்டரும் இல்லாம எழுதி வெச்சுக்கினீங்களே. நான் சொல்றதையும் எழுதிக்குங்க.”

வைத்துவிட்டாள். மஞ்சள் தாள் என் பையில்தான் இருந்தது. நாற்பது வாக்கியங்களையும் பார்த்தேன். அந்த வாக்கியம் அதில் இல்லை.

“இன்னா மச்சான், இன்னாவாம்?” என்று காதர் எட்டிப் பார்த்தார். நல்லபடியாம் என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்று அவர் தையல் ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, நேரம், இடம், ஆதாரம் என்று நான்கு கட்டங்கள் உண்டு. அன்றைய கடைசிப் பதிவை அந்தப் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினேன். பிப்ரவரி 20, வியாழன். நேரம் இரண்டு எழுதினேன், அவளுடையதும் என்னுடையதும். சொன்னது அங்கே, கேட்டது இங்கே என்பதால் இடத்துக்கான கட்டத்தில் எதை எழுதுவது என்று புரியவில்லை. அது இன்றுவரை காலியாக இருக்கிறது. ஆதாரம்: ஷம்ஷாத் சொன்னது. கடிதத்தை நான் பார்க்கவில்லை. கட்டி நல்ல கட்டிதான் என்பது, இதை எழுதும் இன்றைய தேதிவரை, என்னால் சரிபார்க்கப்படவில்லை.